ஒரு கோடி ‘ம்’

அன்று நிலவியல் துறையில் இருந்தவர்கள்: துறைத்தலைவர் ஆவுடையப்பன் ஒருவர், பேராசிரியை மரகதவல்லி ஒருவர், தற்காலிக ஆசிரியர் சூசைமாணிக்கம் ஒருவர், மாணவர்கள் பதினொரு பேர், அட்டெண்டராகிய நான் ஒருவன். ஆகப் பதினைந்து பேர். கண்ணாடி அலமாரியில் நாற்பத்திரண்டு கல் இருந்தது. கல்லை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று துறைத்தலைவர் போன வருஷமே சொல்லிவிட்டதால் சேர்க்கவில்லை.

காலை பத்தரைக்கு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதில் மூன்று கட்டளைகள். ஒன்று, இனி பாடத்தைக் கதையாகச் சொல்ல வேண்டும். இரண்டு, மாணவர்கள் கதை கேட்பதை வல்லுநர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். மூன்று, கதை முடிந்ததும் அவர் மாணவர்களைச் சோதிப்பார். அதுவரை ஆசிரியரை மாற்றக் கூடாது.

சூசைமாணிக்கம் அதை மூன்று முறை படித்தார். அவர் ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் பெண் கொடுப்போம் என்று வடக்கன்குளத்தில் ஒரு வீட்டார் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வல்லுநர் நல்லபடியாக எழுதினால் வேலையும் உண்டு, பெண்ணும் உண்டு.

“கதை சொல்லிடலாம் ஐயா. ஆனா கேக்கிறதை எப்படிப் பாக்கிறது? அது காதுக்குள்ள நடக்கிற வேலையாச்சே” என்றார்.

துறைத்தலைவர் நெடுநேரம் யோசித்தார். மாணவர் ஒருவரை வரவழைத்து அவர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். கேட்பது தெரியவில்லை.

மரகதவல்லி அம்மாதான் வழி சொன்னார். “எங்க ஊர்ல கதை கேக்கிறவங்க உம் கொட்டுவாங்க. உம் கொட்டலைன்னா கதை நின்னுபோகும்.”

“எல்லாரும் சேர்ந்து ‘ம்’னா அது ஒண்ணா, பதினொண்ணா?” என்றார் துறைத்தலைவர்.

இதைப் பற்றிப் பன்னிரண்டு மணி வரை பேசினார்கள். கடைசியில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி முறைக்கு ஒருவர் ‘ம்’ சொல்வது என்றும், அந்த ‘ம்’ வராமல் ஆசிரியர் அடுத்த சொல் பேசக் கூடாது என்றும், ஒவ்வொரு ‘ம்’முக்கும் நான் பலகையில் ஒரு கோடு போடுவது என்றும் முடிவாயிற்று.

பாடம், மலை தேய்ந்து மணலாவது. அதற்கு ஒரு கோடி வருஷம் ஆகும் என்று சூசைமாணிக்கத்தின் நோட்டில் இருந்தது.

“ஒரு கோடி வருஷத்தை ஒரு மணி நேரத்துல சொன்னா அது பொய் சொன்ன மாதிரி ஆகாதா ஐயா?”

“ஆகும். விடுபட்ட வருஷத்துல என்ன நடந்துச்சுன்னு வல்லுநர் கேட்டா என்ன சொல்லுவீர்? வருஷம் ஒண்ணுக்கு ஒரு ‘ம்’. ஒண்ணும் விடக் கூடாது.”

மறுநாள் ஒத்திகை. “ஒரு ஊர்ல ஒரு மலை இருந்துச்சு. முதல் வருஷம் மழை பெஞ்சுது. மலை தேஞ்சுது” என்றார் சூசைமாணிக்கம்.

“ம்” என்றான் ஒன்றாம் எண் மாணவன் எபநேசர்.

“ரெண்டாம் வருஷம் மழை பெஞ்சுது. மலை தேஞ்சுது.”

“ம்.”

இருநூற்றுப் பன்னிரண்டாம் வருஷத்தில் மூன்றாம் எண் தவமணியின் முறை வந்தது. தவமணி தூங்கிக்கொண்டிருந்தான். கதை நின்றது. மழைக்காகத் தூக்கிய கையை இறக்காமல் சூசைமாணிக்கமும் நின்றார்.

“எழுப்பட்டுமா?” என்று மரகதவல்லி அம்மா மெல்லக் கேட்டார்.

“எழுப்பினா ‘ம்’னுதான் சொல்வான். ஆனா அது எழுப்பினதுக்குச் சொன்ன ‘ம்’. கதைக்குச் சொன்னது ஆகாது” என்றார் துறைத்தலைவர்.

காத்திருந்தோம். மணி அடித்ததும் தவமணி திடுக்கிட்டு, “ம்?” என்றான். கேள்வியாகச் சொன்னதைச் சேர்க்கலாமா என்று பதினைந்து நிமிஷம் விவாதம் நடந்தது. பலகையில் கேள்விக்குறிக்குத் தனி இடம் இல்லாததால் சேர்த்துக்கொண்டேன். முதல் நாள் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.

இரண்டாம் நாள் யாரும் தூங்கவில்லை. தவமணியின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் உட்கார்ந்து அவனைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அறுநூற்று நாற்பது.

மூன்றாம் நாள் வல்லுநர் வேதநாயகி அம்மா வந்தார். ஆகப் பதினாறு பேர். முன் வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“எண்ணூத்து ஐம்பத்து மூணாம் வருஷம் மழை பெஞ்சுது. மலை தேஞ்சுது.”

“ம்” என்றான் ஆறாம் எண்.

வல்லுநர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார். அப்போதும் மழைதான் பெய்துகொண்டிருந்தது.

ஆயிரத்து நூற்றெட்டாம் வருஷத்தில் நான் ஒரு பிழை செய்தேன். வல்லுநரின் காதருகே குனிந்து, “காபி கொண்டாரட்டுங்களாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

“ம்” என்றார் அவர்.

சூசைமாணிக்கம் உடனே ஆயிரத்து நூற்றொன்பதாம் வருஷத்துக்குப் போய்விட்டார். எட்டாம் எண் அங்கயற்கண்ணி எழுந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“சார், அது என்னோட வருஷம்.”

“அடுத்ததை நீ சொல்லிக்கோம்மா” என்றார் துறைத்தலைவர்.

“அப்போ என்னோடது?” என்றான் ஒன்பதாம் எண்.

எல்லாரையும் ஓர் இடம் தள்ளிவைத்துச் சமாதானம் செய்தார்கள். காபி ஆறிப்போயிற்று. அதற்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் வல்லுநர் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

மணி அடித்தது. அன்றைய கணக்கு, காபிக்குச் சொன்னதையும் சேர்த்து, அறுநூற்றுப் பதினொன்று.

வல்லுநர் எபநேசரை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். “மலை எப்படி மணலாச்சு? நீ சொல்லு.”

“இன்னும் ஆகலை மேடம். ஆயிரத்து நானூத்து அறுபத்து மூணு வருஷம்தானே ஆச்சு.”

“சரி, கடைசியில என்ன ஆகும்?”

எபநேசர் சூசைமாணிக்கத்தைப் பார்த்தான். “முன்னாடியே சொல்லிட்டா கதை கெட்டுப்போகும் மேடம்.”

வல்லுநர் சுற்றறிக்கையை எடுத்து மூன்றாவது கட்டளையைப் படித்தார். தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் துறைத்தலைவரிடம் கொடுத்தார்: ‘மாணவர்கள் கேட்டதைப் பார்த்தேன். கதை முடியாததால் சோதிக்க இயலவில்லை. கதை முடியும்வரை திரு. சூசைமாணிக்கமே இத்துறையில் பணியில் நீடிக்க வேண்டும். முடிந்ததும் தகவல் தரவும், வருகிறேன்.’

துறைத்தலைவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சூசைமாணிக்கத்துக்குக் கை கொடுத்தார். மரகதவல்லி அம்மா கல்கண்டு கொடுத்தார். வடக்கன்குளத்துக்கு போன் போயிற்று. கார்த்திகையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது.

சூசைமாணிக்கம் மட்டும் முகம் வாடி நின்றார்.

“என்னய்யா, இன்னும் என்ன கவலை?”

“கதை முடிஞ்சதும் வேலையை விட்டு எடுத்துட்டா என்ன ஐயா பண்றது? கல்யாணம் வேற ஆயிருக்கும்.”

துறைத்தலைவருக்கும் அது நியாயமாகப்பட்டது. வாசலுக்குப் போன மாணவர்களைத் திரும்ப அழைத்து உட்கார வைத்தார்கள். சூசைமாணிக்கம் கையைக் கூப்பினார்.

“தம்பிங்களா, தங்கச்சி, நாளையிலேர்ந்து கொஞ்சம் மெதுவா ‘ம்’ சொல்லுங்க. இந்த வேகத்துல போனா சீக்கிரம் முடிஞ்சுரும்.”

பதினொரு பேரும் யோசித்துப் பார்த்து, சரி என்று தலையை ஆட்டினார்கள். யாரும் ‘ம்’ என்று சொல்லவில்லை.

நான் பலகையில் கோடுகளை இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். பாக்கி தொண்ணூற்றொன்பது லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு.