சூசையின் மேடேறும் சைக்கிள்

திண்டுக்கல் பக்கம் சின்னப் பட்டறை வைத்து சைக்கிள் செய்கிறவன் சூசை. எந்த மேட்டிலும் மூச்சு வாங்காமல் ஏறுகிற கியர் ஒன்றை உருவாக்கியிருந்தான். பெரிய கம்பெனி முதலாளி திருவேங்கடம் ஆள் விட்டு அந்தச் சைக்கிளில் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, அப்படியே காப்பியடித்தார். பிறகு சைக்கிள் கண்காட்சியில், அங்கே வந்திருந்த சூசையைக் காட்டி, “இது என் மூளையில் உதித்தது. இந்தப் பயல் திருடிவிட்டான்” என்று கூவினார்.

“உன்னுடையது என்பதற்கு என்னப்பா அத்தாட்சி?” என்று நடுவராக வந்த அம்மா சூசையைக் கேட்டார். முதலாளியிடம் முத்திரை குத்திய காகிதம் கட்டுக்கட்டாக இருந்தது. சூசையிடம் கிரீஸ் படிந்த கைதான் இருந்தது.

“காகிதம் இல்லைங்கம்மா. முதலாளி அவர் கொண்டு வந்திருக்கிற இந்தச் சைக்கிள்ல எதிரே இருக்கிற கோயில் மேட்டை ஏறிட்டா, கியர் அவருதுதான்னு நானே எழுதித் தர்றேன்.”

இருபது வருஷமாகக் காரைவிட்டு இறங்காத முதலாளி வீறாப்பாக உட்கார்ந்து மிதித்தார். பாதி மேட்டில் முகம் சிவந்து, வேட்டி செயினில் சிக்கி, பொத்தென்று விழுந்தார்.

அதே சைக்கிளை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்த சூசை பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினான். சைக்கிள் முன்பக்கமாகச் சர்ரென்று மேடேறியது. உச்சியில் நின்று கீழே பார்த்துக் கத்தினான்:

“முதலாளி! திருடுறப்பவே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, எப்படி ஓட்டணும்னு சொல்லியிருப்பேனே!”