ஏழாவது வளைவு வரை

மலைக்கு மேலே ஓர் ஊர், மலைக்குக் கீழே ஓர் ஊர், நடுவே பதினான்கு வளைவுகள் உள்ள ஒரே ஒரு வண்டிப்பாதை. அந்தக் காலத்தில் நடந்த கதை இது. காலை நீட்டி உட்கார்ந்து கேளுங்கள்.

கீழூரில் திருமேனி என்று ஓர் எண்ணெய் வணிகர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் பேரம் பேசாமல் அவருக்கு மூச்சே வராது. மூன்று வேளை கசாயம் குடிக்கச் சொன்னால், இரண்டு வேளை போதாதா என்று வைத்தியரையே கேட்பார்.

அவருடைய ஒரே மகள் உமையாள் மேலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு நடந்தது. பிள்ளைப்பேற்றுக்கு மகளை அழைத்துப்போக மாட்டுவண்டி பூட்டி, ஓட்ட ஒரு வண்டிக்காரனையும் கூட்டிக்கொண்டு மலையேறினார் வணிகர். பாதி வழியிலேயே அச்சு முனகத் தொடங்கிற்று. மேலூர் வந்து குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களையும் தாங்கும் அந்தக் கட்டையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

இறங்கும் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பாதாளம். அச்சு முறிந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

உமையாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாரு வேணா பழுது பாக்கட்டும்ப்பா. பாத்த கையோட அவங்களும் வண்டியில ஏறி அடிவாரம் வரைக்கும் என்கூட வரணும்."

முதல் ஆசாரி ஒரு பணம் கேட்டார். வணிகருக்கு வாயெல்லாம் பல். ஆசாரி விரிசல் நிறைய வண்டி மையை அப்பினார். முனகல் நின்றுபோயிற்று. "கூட வாங்க" என்று உமையாள் கூப்பிட்டதும், "எனக்கு வண்டி ஏறினா தலை சுத்தும் தாயி" என்றார். ஆயுசு முழுக்க வண்டியோடு கிடந்தவருக்கு அன்றைக்குத்தான் தலை சுற்றும் விஷயம் தெரிந்தது.

இரண்டாம் ஆசாரி மூன்று பணம் கேட்டார். விரிசலைச் சுற்றிக் கயிற்றை வரிந்து கட்டி நாலு ஆணி அடித்தார். "கூட வாங்க" என்றதும், "இன்னைக்குக் கிழக்கே சூலம், நான் பயணம் போகக் கூடாது" என்றார்.

"நாங்களும் கிழக்கேதானே போறோம்?"

"உங்களுக்குப் பரவால்ல தாயி" என்று சொல்லிக்கொண்டே அவர் நழுவிவிட்டார்.

மூன்றாமவர் உலகநாத ஆசாரி. வண்டியை முன்னும் பின்னும் உருட்டச் சொல்லி, தரையில் படுத்துக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு எழுந்து பத்துப் பணம் என்றார்.

வணிகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூட வருவீரா?"

"வராம என்ன?"

உமையாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நம் வணிகரின் நாக்கு சும்மா இருக்குமா?

"அஞ்சு பணம் தரேன்."

"சரிங்க, அஞ்சே குடுங்க."

இவ்வளவு சுலபமாகப் படிந்த பேரத்தை வணிகர் கண்டதே இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஆனா நான் ஏழாவது வளைவுல இறங்கிக்கிடுவேன்" என்றார் ஆசாரி.

"ஏன் அப்படி?"

"பத்துப் பணம்னா, வைரம் பாஞ்ச கருவேலங்கட்டையில புது அச்சே இழைச்சு மாட்டிருவேன். அஞ்சு பணத்துக்கு இந்தப் பழைய கட்டைக்கு இரும்புப் பூண்தான் போடலாம். பூண் ஏழு வளைவு தாங்கும். அதுவரைக்கும் பயமில்லாம வருவேன். அதுக்குமேல வர முடியாதுங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

வணிகர் மகளைப் பார்த்தார். அவள் வயிற்றில் கைவைத்தபடி நின்றாள். எட்டாவது வளைவு அவர் கண்முன் வந்தது. மகளின் உயிரை வைத்தா பேரம் பேசினோம் என்று நெஞ்சு கூசியது. மடியை அவிழ்த்துப் பத்துப் பணத்தையும் அப்படியே ஆசாரி கையில் வைத்தார்.

அன்று பகல் முழுக்க ஆசாரி இழைத்தார். ஒருமுறை மாட்டிப் பார்த்து, திருப்தி இல்லாமல் கழற்றி, மறுபடியும் இழைத்தார். மறுநாள் காலை வண்டிக்காரன் மாட்டை ஓட்ட, மூவரும் ஏறிப் புறப்பட்டார்கள்.

முதல் வளைவில் வணிகர் வண்டியின் விளிம்பை இறுகப் பிடித்தார். நாலாவது வளைவில் கண்ணை மூடினார். ஏழாவது வளைவு வந்ததும் பயந்து பயந்து ஆசாரியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆசாரி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எட்டாவது வளைவில் அவர் தலை சாய்ந்து வணிகரின் தோளில் விழுந்தது. குறட்டையில் மாடுகள் காதை ஆட்டின.

உமையாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எழுப்பட்டுமாப்பா?"

"வேண்டாம்மா, எழுப்பிராத. இவர் குறட்டை கேட்டாத்தான் எனக்கு உசுரே நிக்குது."

ஆகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களே, தான் பழுது பார்த்த வண்டியில் தானே ஏறிவரத் துணிகிறவருக்கு, அவர் கேட்ட கூலியைக் கொடுப்பதுதான் மலிவு.