பொறுமைபுரத்தார் இராத்தங்கிய கதை

பொறுமைபுரத்தில் முட்டாள்கள் ஒருவரும் கிடையாது. ஊர்க்கூட்டம் போட்டு, முட்டாள்கள் மட்டும் கைதூக்குங்கள் என்று கேட்டுப் பார்த்து எடுத்த கணக்கு அது. ஒரு கைகூட எழும்பவில்லை. ஆகவே இந்தக் கதையில் வருகிறவர்களை அதற்குரிய மரியாதையோடுதான் பார்க்க வேண்டும்.

அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்கு எப்பிராயீம் செயலாளர். வயது முப்பத்தொன்று. என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் சட்டைப்பையிலிருந்து ஒரு ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டுவான். ‘செயலாளர், வாலிபர் ஐக்கியம், பொறுமைபுரம்’ என்று அதில் இருக்கும். வேறு வேலை இல்லை.

அந்த ஸ்டாம்புதான் அவனுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தது. சபைகளை நிர்வகிக்கிற திருமண்டலத்தின் வாலிபர் துறை இயக்குநர் ஞானக்கண், “பையன் செயலாளராம்” என்ற ஒரே சொல்லில் விழுந்து, தன் மகள் பியூலாவைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பி.ஏ., பி.எட். என்று போடுகிற இடத்தில் ‘செயலாளர்’ என்று போட்டிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அப்போதுதான் அதே ஞானக்கண்ணிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. உறுப்பினர்களுக்குள் நெருங்கிய உறவு இல்லாத வாலிபர் ஐக்கியங்கள் பக்கத்து ஊரோடு இணைக்கப்படும். பொறுமைபுரத்துக்குப் பக்கத்து ஊர் தாழ்மைபுரம். அவர்கள் தலைக்கனம் பிடித்தவர்கள் என்பது பொறுமைபுரத்தார் அபிப்பிராயம். அங்கே ஏற்கெனவே ஒரு செயலாளர் இருக்கிறார். ஒரு ஐக்கியத்துக்கு இரண்டு செயலாளர் கிடையாது. செயலாளர் பதவி போனால் பியூலா போவாள். எப்பிராயீம் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பிழைக்கும் வழியும் அந்தச் சுற்றறிக்கையிலேயே இருந்தது. சனிக்கிழமை ராத்திரி உறுப்பினர் எல்லாரும் சபை மண்டபத்தில் ஒன்றாகத் தங்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் உள்ள விதிகளை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டும். ஞாயிறு காலையில் இயக்குநரே வந்து பார்ப்பார்.

“எழுத்துப் பிசகக் கூடாது, கேட்டியளா?” என்று எப்பிராயீம் ஐக்கியத்தின் மற்றப் பத்துப் பேரிடமும் கெஞ்சினான். “என் வாழ்க்கை இதுல இருக்கு.”

“நாங்க என்னைக்குடே பிசகியிருக்கோம்?” என்றான் தீத்து. தீத்து சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஐக்கியத்தில் சட்டநுணுக்கம் எல்லாம் அவன் பொறுப்பு.

முதல் விதி: மாலை ஆறு மணிக்கு மண்டபத்தின் கதவைப் பூட்ட வேண்டும், காலை ஆறு மணி வரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. பூட்டினார்கள். ஆறு ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது.

“நான்தாம்ப்பா, திறங்க. பிரியாணி கொண்டுவந்திருக்கேன்” என்றது வெளியே ஒரு குரல். இரவுக் கூட்டத்தை நடத்தவேண்டிய சபைப் போதகர் வேதமாணிக்கம் ஐயர்தான். ஊருக்கு மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆகவே ஊரைப் பற்றி அவருக்கு இன்னும் நல்ல எண்ணம் இருந்தது.

எப்பிராயீம் சாவியை எடுத்தான். தீத்து அவன் கையைப் பிடித்தான்.

“எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்கு. ஐயர் ஒரு காரணமா இல்லையா?”

“காரணந்தான்.”

“பிரியாணி?”

எப்பிராயீம் நெடுநேரம் யோசித்தான். “அதுவும் காரணந்தான்” என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

ஐயர் சன்னல் பக்கம் வந்தார். மண்டபத்துக்கு ஒரே சன்னல். குறுக்கும் நெடுக்குமாக நல்ல தடிக்கம்பி. பிரியாணி அண்டா அதில் நுழையாது என்பதை இருபது நிமிடம் முயன்று கண்டுபிடித்தார்கள். பிறகு தட்டுகளைச் சாய்த்து வெளியே கொடுத்தார்கள். ஐயர் நிரப்பித் தந்தார். உள்ளே இழுப்பதற்குத் தட்டை மறுபடி சாய்க்க வேண்டியிருந்தது.

“தட்டு வருது, சோறு வரமாட்டேங்குதே” என்றாள் கெத்சியாள். பாடகர் குழுவில் பாடுகிற பெண் அவள்.

“இது நல்ல தட்டு இல்ல. அடுத்ததைக் கொடு” என்றான் தீத்து.

பதினோரு தட்டும் நல்ல தட்டு இல்லை என்று தெரிந்தது. கடைசியில் ஒவ்வொருவராகச் சன்னலில் வாயைத் திறந்துகொண்டு நிற்க, ஐயர் உருட்டி உருட்டிப் போட்டார். செயலாளர் என்பதால் எப்பிராயீம் கடைசியாக நின்றான். அவனுக்கு மசாலா ஒட்டிய ஒரு பிரிஞ்சி இலை கிடைத்தது.

இரண்டாம் விதி: ஒவ்வொருவரும் தமக்கு அறிமுகமில்லாத ஒருவரின் அருகில் அமர வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வந்தது. பொறுமைபுரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாமல் இல்லை. பதினோரு பேரும் எட்டரை மணி வரை நின்றுகொண்டே இருந்தார்கள்.

“தீத்து அண்ணனை எனக்குத் தெரியாதுன்னு வச்சுக்கிடலாமா? கால் வலிக்கு” என்றாள் கெத்சியாள்.

“எப்படி வைக்க முடியும்? உன் ஞானஸ்நானத்துக்கு வந்து கேக் தின்னவன் நான். ரெண்டு துண்டு.”

“மறந்துட்டேன்னு சொல்லுதேன்.”

“நான் மறக்கலியே. நல்ல கேக்கு.”

எப்பிராயீமுக்குத் திடீரென்று ஒளி பிறந்தது. “ஐயரு! அவரைத்தானே நமக்குச் சரியாத் தெரியாது!”

பதினோரு பேரும் பாய்ந்து போய்ச் சன்னல் சுவரோரம் ஒருவர்மேல் ஒருவராக உட்கார்ந்தார்கள். ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. தன்மீது இவ்வளவு பிரியமா என்று நினைத்துக்கொண்டார். “எனக்குச் சொந்த ஊர் எதுன்னா...” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாதீங்கய்யா!” என்று தீத்து அலறினான். “தெரிஞ்சுட்டா நாங்க எந்திரிச்சிரணும்!”

மூன்றாம் விதிதான் பெரியது. ஒவ்வொருவரும் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை மனம்திறந்து சொல்ல வேண்டும். இங்கே பேசுவது எதுவும் இந்த வாசலைத் தாண்டி வெளியே போகக் கூடாது. உள்ளே இருப்பவர் கேட்டால் மறைக்கவும் கூடாது.

சன்னல் திறந்திருந்தால் பேச்சு வெளியே போய்விடும் என்று தீத்து சொன்னான். ஐயரிடம் கம்பி வழியாக ஒரு கொசுவர்த்திச் சுருளைக் கொடுத்துவிட்டுச் சன்னலைச் சாத்தினார்கள். தீப்பெட்டி கொடுக்கவில்லை. அதை அவர் கேட்கவில்லை என்று பிறகு விளக்கினார்கள்.

விளக்கைச் சுற்றி உட்கார்ந்ததும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பல வருடமாக அவர்கள் ஐக்கியம் அப்படித்தான். ஞாயிறுதோறும் வருவார்கள், ஸ்தோத்திரம் சொல்வார்கள், மிக்சர் தின்பார்கள், போவார்கள்.

எப்பிராயீம் கணக்குப் போட்டான். சொல்லாமல் விட்டால் விதி பிசகும். விதி பிசகினால் பியூலா இல்லை. சொன்னாலோ, அவனிடம் சொல்ல இருந்த ஒன்றே பியூலாவைப் போகவைக்கிற சங்கதி.

“நான் செயலாளர் இல்ல” என்றான்.

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

“ஒருத்தரும் என்னைத் தேர்ந்தெடுக்கல. மூணு வருசத்துக்கு முன்னால வெள்ளையடிக்கும்போது அலமாரிக்குப் பின்னால இந்த ஸ்டாம்பு கிடந்தது. எடுத்துத் துடைச்சேன். யாரும் கேக்கல. அப்படியே இருந்துட்டேன்.”

பிறகு தீத்து தொண்டையைக் கனைத்தான்.

“நான் உறுப்பினரே இல்ல. எட்டு வருசத்துக்கு முன்னால இங்க விட்ட குடையை எடுக்க வந்தேன். அன்னைக்கு மிக்சர் கொடுத்தாங்க.”

கெத்சியாள் விசும்பினாள். “பாடகர் குழுவில நான் வாயை மட்டுந்தான் அசைக்கேன். நானும் உறுப்பினர் இல்ல. தீத்து அண்ணன் இருக்காகளே, நாமும் இருப்போம்னு வந்தேன்.”

ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். விடியப் போகும்போது விஷயம் துலங்கிவிட்டது. ஐக்கியத்துக்குச் செயலாளர் இல்லை. உறுப்பினரும் ஒருவர்கூட இல்லை. இத்தனை வருடமும் ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேரை நம்பி வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். எப்பிராயீமுக்கு முதுகிலிருந்து நெல்மூட்டையை இறக்கினதுபோல் இருந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக, ஸ்டாம்பைத் தொட்டுப் பார்க்காமல் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டான்.

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். எப்பிராயீம் ஒரு காலைத் தூக்கினான்.

“வைக்காதே!” என்றான் தீத்து.

கால் அந்தரத்தில் நின்றது.

“நீ செயலாளர் இல்லங்கிறது இப்ப எங்க இருக்கு?”

“எல்லார் மனசுலயும் இருக்கு.”

“மனசு எங்க இருக்கு?”

“நம்மகிட்டதான்.”

“நாம வெளிய போனா அது உள்ளேயே இருக்குமா, கூட வருமா?”

எப்பிராயீம் காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டான். தீத்து சொன்னதில் தப்புக் காண முடியவில்லை. அந்தச் செய்தி வாசலைத் தாண்டினால், முதலில் போய்ச் சேருகிற இடம் ஞானக்கண்ணின் காது. “யாரும் போகாதீங்கப்பா. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்” என்றான்.

ஏழு மணிக்கு, பிள்ளைகளைக் காணோமே என்று தாய்மார்கள் காப்பியோடு வந்தார்கள். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. காதைப் பிடித்து இழுத்துவருவதற்காக உள்ளே போனார்கள். உள்ளே போனதும், ஏன் வரமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள். உள்ளே இருப்பவர் கேட்டால் மறைக்கக் கூடாது. சொன்னார்கள். கேட்டுவிட்ட தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள்.

தாய்மார்களைத் தேடித் தகப்பன்மார் வந்தார்கள். அவர்களைத் தேடிக் கடன் கேட்கிறவர்கள் வந்தார்கள். எட்டேமுக்காலுக்குக் கோயில்பிள்ளை மணியடித்துவிட்டு, ஆராதனைக்கு ஒருவரையும் காணோமே என்று விசாரிக்க வந்தார். விசாரித்தார். உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு இயக்குநர் ஞானக்கண் காரில் வந்து இறங்கியபோது தெருவில் நாய்கள்தான் இருந்தன. மண்டபச் சன்னலடியில் ஐயர் மட்டும் அண்டாவின்மேல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கொசுக்கடி. உள்ளே போகிறவர்கள் திரும்புவதில்லை என்று அவர் ஏழு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால், யார் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

“எங்கே எல்லாரும்?”

“உள்ளே இருக்காங்க.”

“வாலிபர்களா?”

“ஊரே இருக்கு. நானூறு பேருக்குக் குறையாது.”

ஞானக்கண் சன்னலைத் தட்டினார். திறந்தது. கம்பிக்குப் பின்னால் எப்பிராயீமின் முகம் வந்தது. அதற்குப் பின்னால் நானூறு முகம்.

“மாப்பிள்ளை, என்ன இது?”

“விதி மாமா. உள்ள பேசினது வெளிய போகக் கூடாதுன்னு யாரும் வெளிய வரல.”

பன்னிரண்டு வருடமாகச் சுற்றறிக்கை எழுதுகிறவர் ஞானக்கண். இதுவரை ஒருவராவது அதை இரண்டாம் பக்கம் திருப்பியதாகத் தகவல் இல்லை. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்த ஐக்கியத்தையா இணைக்கிறது? இணைப்பு ரத்து” என்றார். பிறகு படிவத்தை எடுத்தார். “ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கேன். இவர்தானே உங்க செயலாளர்?”

மண்டபத்தில் குண்டூசி விழவில்லை. விழ இடமும் இல்லை. எல்லாரும் தீத்துவைப் பார்த்தார்கள். தீத்து பொய் சொல்லாதவன் என்று ஊருக்கே தெரியும். அவன் கூரையைப் பார்த்தான், யோசித்தான், முன்னால் வந்தான்.

“ஐயா, இவர் செயலாளர்னு வெளிய சொல்லுததுக்கு எங்களுக்கு எந்தத் தடையும் இல்ல” என்றான்.

“தடையில்ல!” என்றது நானூறு குரலும்.

ஞானக்கண் மகிழ்ந்துபோனார். மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ள உள்ளே வரப்போனார்.

“வராதீங்க மாமா!” என்று எப்பிராயீம் கத்தினான். “வந்தா கேப்பீங்க. கேட்டா சொல்லணும். அப்புறம் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுல ஆள் இருக்காது!”

தான் எழுதிய விதியை இவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்ட மாப்பிள்ளை வேறு யாருக்குக் கிடைப்பான் என்று அவர் அப்படியே பின்வாங்கினார்.

குறித்த நாளிலேயே கல்யாணம் நடந்தது. சன்னலில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே, பெண் வீட்டார் வெளியே. ஐயர் வெளியே நின்று திருமண ஆராதனையை வாசித்தார். உள்ளே கெத்சியாள் பாட்டை எடுத்துக் கொடுத்தாள், சத்தம் வரவில்லை. எப்பிராயீம் கம்பி வழியாக இரண்டு கையையும் நீட்டித் தாலி கட்டினான். போட்டோக்காரர் பெண் வீட்டார் ஏற்பாடு, ஆகவே அவரும் வெளியேதான் நின்றார். “சார், கையை எங்க வைக்கன்னு தெரியலன்னா சும்மா கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க” என்றார். எப்பிராயீம் பிடித்துக்கொண்டான்.

ஆல்பம் வந்தது. கல்யாணத்துக்கு வரமுடியாமல் போன பியூலாவின் மும்பை அத்தை அதை மடியில் வைத்துப் புரட்டினாள். ஒவ்வொரு படத்திலும் பட்டுவேட்டியோடு கம்பிக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏம்மா, பையன் பாக்க நல்லாத்தான் இருக்கான். என்ன கேஸு?”

“நானும் கேட்டேன் அத்தை” என்றாள் பியூலா. “நீயும் உள்ள வந்தாத்தான் சொல்லுவேங்கார்.”