மினல் என்றொரு பெயர்

ஓய்வு பெற்ற மறுவாரமே ஜுலைகா டீச்சர் அரபி படிக்கப் போனார்.

தொண்டியில் அந்தப் பெண்கள் மதரஸா ஒரு வீட்டு மாடியில் நடந்தது. பாடம் சொன்னவர் மைமூனா ஆலிமா. எட்டாம் வகுப்பில் அவருக்குத் தமிழ் சொல்லித் தந்தவரே ஜுலைகா டீச்சர்தான்.

டீச்சர் உள்ளே வந்ததும் ஆலிமா எழுந்து நின்றார். ஆசிரியை நிற்கிறாரே என்று டீச்சர் உட்காரவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் உட்கார்ந்தா நாங்களும் உட்காருவோம்,” என்றாள் பஜிலா. மற்ற பெண்கள் சிரித்தார்கள்.

“நீ ர, ற மாத்தி எழுதினவதானே?” என்றார் டீச்சர்.

“இங்கே அந்தத் தொல்லையே இல்லை டீச்சர். இங்கே மூணு ஸ, ரெண்டு ஹ. நீங்களும் என்னை மாதிரி மாத்தித்தான் எழுதப் போறீங்க.”

சிரிப்பு அடங்கியதும் ஆலிமா கேட்டார். “குர்ஆன் ஓதத்தான் தெரியுமே டீச்சர். இப்போ எதுக்கு?”

“ஓதத் தெரியும். புரியாது. புரியாமலே ஐம்பது வருஷம் ஓதியாச்சு.”

அவர் கொண்டுவந்திருந்தது ஒரு பழைய கோடு போட்ட நோட்டு. பழுப்புத்தாள் அட்டை. திருத்துவதற்காக வாங்கியபோதுதான் ஆலிமா கவனித்தார். அரபி வலப்பக்கமிருந்து எழுதுவதால் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து டீச்சர் தொடங்கியிருந்தார். முன்பக்கம் திருப்பினால் தமிழ். பெரிய பெரிய குழந்தை எழுத்து. அட்டைக்கு உள்ளே ‘மினல், நான்காம் வகுப்பு’ என்று இருந்தது.

மினல் டீச்சரின் ஒரே மகள். பள்ளிப் பதிவேட்டில் ‘மின்னல்’ என்று எழுதி, பிறகு ஒரு ‘ன்’னை அடித்திருந்தார்கள். மின்னல் வந்தாச்சே, இடி எங்கேடி என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். இருபத்தைந்து வருஷம் ஆயிற்று.

ஆலிமா சிவப்பு மையில் இரண்டு பிழைகளைத் திருத்தி நோட்டைத் திருப்பித் தந்தார்.

மாதங்கள் போயின. பின்னாலிருந்து உம்மாவின் அரபி முன்னேறி வந்தது. முன்னால் மகளின் தமிழ் நின்ற இடத்திலேயே நின்றது. நடுவில் வெறும் பக்கங்கள் குறைந்துகொண்டு வந்தன.

ஒரு பிற்பகல் ஆலிமா வருவதற்குள் பெண்கள் செல்போனில் பெயர்களுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தார்கள். பஜிலாவின் அக்காவுக்கு எட்டாம் மாதம்.

“யாருக்கும் இல்லாத பேரா வேணுமாம். தெருவில நின்னு கூப்பிட்டா நாலு பிள்ளை திரும்பிப் பார்க்கக் கூடாதாம்.”

“மினல்னு போட்டுப் பாரேன்,” என்றார் டீச்சர். மதரஸாவில் அந்தப் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இருக்கு டீச்சர்! மிக அரிதான அரபுப் பெண் பெயர். பொருள், கனி. அதிர்ஷ்ட எண் ஆறு. நிறம் பச்சை. பன்னிரண்டாயிரம் பேருக்குப் பிடிச்சிருக்காம்.”

“அரிதுங்கிறான், பன்னிரண்டாயிரம்ங்கிறான்,” என்றாள் இன்னொருத்தி.

“வேற ஒண்ணுல பாரு,” என்றார் டீச்சர்.

“இதுல அருட்கொடைன்னு போட்டிருக்கு. இதுல... அலையாம்.”

“முத்துன்னு எதிலயாவது இருக்கா?”

பஜிலா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். “இல்லையே டீச்சர்.”

வாசலில் ஆலிமா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியவில்லை.

“மினலுக்கு என்ன அர்த்தம் ஆலிமா? அக்காகிட்ட சொல்லணும்.”

ஆலிமா டீச்சரைப் பார்த்தார். டீச்சர் குனிந்து நோட்டைப் பார்த்தார்.

“பாடத்துல வரும். போனை உள்ளே வைம்மா.”

அரபியில் சொற்கள் மூன்று வகை. பெயர், வினை, ஹர்ஃபு எனும் இடைச்சொல். பெயர்ச்சொல் பாடம் முடிந்தது. வினையும் முடிந்தது. அடுத்தது ஹர்ஃபு. அங்கே போகாமல் ஆலிமா மறுபடியும் வினைக்கே திரும்பினார். உதவினான், உதவினாள், உதவினார்கள். நான்கு வாரமாக அதையே சொல்ல வைத்தார்.

“உதவி உதவி வாய் வலிக்குது ஆலிமா,” என்றாள் பஜிலா. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

பாடம் முடிந்து எல்லோரும் இறங்கிப் போனார்கள். டீச்சர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“ஏன் அடுத்த பாடத்துக்குப் போக மாட்டேங்கிறீங்க?”

“இதுவே இன்னும் சரியா வரலையே டீச்சர்.”

“முப்பத்து நாலு வருஷம் நானும் வாத்தியார் வேலை பார்த்தவ. நடத்த மனசில்லாத பாடத்தை எப்படித் தள்ளிப்போடுறதுன்னு எனக்குத் தெரியாதா?”

ஆலிமா பாடப் புத்தகத்தை மூடி வைத்தார்.

“அதுலதான் அவ பேர் இருக்கா?”

“இருக்கு.”

“அப்போ சொல்லிடுங்க. நோட்டு முடியப் போகுது. இன்னும் நாலு பக்கம்தான்.”

ஆலிமா எதிரே வந்து உட்கார்ந்தார். “அந்தப் பேரை எங்கேயிருந்து எடுத்தீங்க டீச்சர்?”

“அவ வாப்பா அப்போ கப்பல்ல இருந்தாரு. பேரை என்கிட்டயே விட்டுட்டாரு. வயித்துல இருந்தப்போ தினம் காலையில ஓதுவேன். மினல் மினல்னு அடிக்கடி வரும். வர்ற இடமெல்லாம் நாக்குக்கு இனிப்பா இருக்கும். குர்ஆன்ல இத்தனை தடவை வருதே, நல்ல சொல்லாத்தான் இருக்கும்னு வச்சிட்டேன். பள்ளிவாசல் ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஊருக்கே தமிழ் சொல்லித் தர்றவ, இது தெரியலைன்னு எப்படிக் கேட்கிறதுன்னு வெட்கம்.”

ஆலிமா நோட்டை இழுத்து, ஒரு வெறும் பக்கத்தில் எழுதினார்.

“இது ‘மின்’. அடுத்த சொல்லோட தலையில இருக்கிற ‘அல்’லைச் சேர்த்து ஓதினா மினல்.”

“அர்த்தம்?”

“இருந்து.”

“எது இருந்து?”

“அவ்வளவுதான் டீச்சர். வீட்டிலிருந்து, ஊரிலிருந்துன்னு சொல்றோமே, அந்த ‘இருந்து’. அது பேரே இல்லை. ஹர்ஃபு.”

“ஐந்தாம் வேற்றுமை,” என்றார் டீச்சர், வகுப்பில் சொல்வது போல.

கீழே மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பியதும் டீச்சர் சொன்னார்.

“பஜிலாகிட்ட வேற பேர் பார்க்கச் சொல்லிடுங்க.”

“சொல்றேன்.”

“ஏழு வயசுல கேட்டா. உம்மா, என் பேருக்கு என்ன அர்த்தம்னு. தெரியாதும்மான்னு சொல்லியிருக்கணும். கடலுக்குள்ள கிடைக்கிற முத்துன்னு சொல்லிட்டேன். அன்னையிலிருந்து முத்து முத்துன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா. ஆஸ்பத்திரியில ஊசி போட வந்த நர்ஸ்கிட்டயும் சொன்னா. அவ தெளிவாப் பேசினது அதுதான் கடைசி.”

“எப்படிச் சொன்னா?”

“என் பேருக்கு முத்துன்னு அர்த்தம், எங்க உம்மா சொன்னாங்கன்னு.” டீச்சரின் முகத்தில் சிரிப்பு போல ஏதோ வந்து போனது. “எதைச் சொன்னாலும் வால் மாதிரி அதையும் சேர்த்துக்குவா. மழை வரும், எங்க உம்மா சொன்னாங்க. பூமி உருண்டை, எங்க உம்மா சொன்னாங்க.”

ஆலிமா காத்திருந்தார்.

“நாளைக்கு மறுமையில ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தானே கூப்பிடுவாங்க?”

“ஆமா டீச்சர்.”

“அங்கே எல்லாருக்கும் அரபி தெரிஞ்சிருக்கும். ‘இருந்து’ன்னு கூப்பிட்டா எத்தனை பேர் சிரிப்பாங்க? இவ எழுந்து நின்னு முத்துன்னு சொல்லுவா. இன்னும் சிரிப்பாங்க. இடி எங்கேடின்னு கேட்டப்போ நான் போய் அந்தப் பிள்ளைகளை அதட்டினேன். அங்கே நான் பக்கத்துல இருப்பேனான்னு தெரியலையே.”

“எனக்கு அந்த நாளைப் பத்தித் தெரியாது. இலக்கணம்தான் தெரியும்.”

“இலக்கணம் என்ன சொல்லுது?”

“அதை நீங்கதான் சொல்லணும். இடைச்சொல்லுக்குத் தனியாப் பொருள் உண்டா?”

“எட்டாம் வகுப்புக் கேள்வி.”

“எட்டாம் வகுப்புல நீங்க என்னைக் கேட்ட கேள்விதான். பதில் தெரியாம பெஞ்சு மேல நின்னேன்.”

டீச்சர் மெதுவாகச் சொன்னார். “தனியா நிக்காது. இன்னொரு சொல்லைச் சார்ந்து வரும். அதோட சேர்ந்துதான் பொருள் தரும்.”

“எங்க இலக்கணக் கிதாபுலயும் அதேதான் இருக்கு. ஹர்ஃபோட அர்த்தம் அதுக்குள்ள இல்லை, வேறொண்ணுல இருக்குன்னு.” ஆலிமா பேனாவை மூடி, மறுபடி திறந்தார். “‘இருந்து’ன்னு ஒரு குரல் கேட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க டீச்சர். அடுத்த சொல் என்னன்னு காத்திருப்பாங்க.”

“அவளுக்கு அடுத்த சொல் தெரியாதே. நான் சொல்லித் தரலையே.”

“முத்துன்னு சொல்லுவா. சரி. அப்புறம்?”

“அப்புறம் என்ன?”

“வால் மாதிரி ஒண்ணு சேர்த்துக்குவான்னு சொன்னீங்களே.”

“எங்க உம்மா சொன்னாங்க,” என்றார் டீச்சர் மெல்ல.

ஆலிமா அந்தப் பக்கத்தில் மின்னுக்கு அடுத்து ‘அல் உம்மு’ என்று எழுதினார். அரபியிலும் உம்மு என்றால் தாய்தான்.

“மின் முன்னால வந்துட்டா, அடுத்த சொல்லோட கடைசி எழுத்தைக் கீழே இழுத்துடும். இழுக்கிற ஹர்ஃபுன்னுதான் அதைச் சொல்லுவாங்க.”

கடைசி எழுத்தின் அடியில் ஒரு சிறு கோடு போட்டார். உம்மு, உம்மி ஆனது. நோட்டை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார்.

“சேர்த்து வாசிங்க டீச்சர்.”

டீச்சர் விரலை முதல் எழுத்தில் வைத்தார்.

“மினல்...”

விரல் அங்கேயே நின்றது. ஆலிமா அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார்.