கெட்டுப்போன பொந்தைக் காட்டு

ஆனைமலைக் காட்டில் சொர்ணம் என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தாள். அவள் கணவன் பெயர் கருப்பையா. ஒரு பெரிய குங்கிலிய மரத்தின் பொந்துதான் அவர்களுக்குப் பிள்ளை வளர்க்கும் வீடு. வருஷத்துக்கு ஒன்றாக ஏழு பிள்ளைகளை அங்கேதான் வளர்த்து அனுப்பினார்கள்.

எட்டாவது வருஷம் தை பிறந்ததும் வந்து பார்த்தால் வீடு வீடாக இல்லை. வாசலைச் சுற்றிப் பட்டை வளர்ந்து வழி குறுகிவிட்டது. தரை பள்ளம் விழுந்து கிடந்தது. பின்சுவரில் உளுப்பு வேறு. சொர்ணம் தலையை நுழைத்துப் பார்த்தாள். தலை போனது, தோள் போகவில்லை.

"நீ கொஞ்சம் உடம்பு போட்டுட்ட," என்றான் கருப்பையா.

சொர்ணம் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு அவன் மரத்தின் குறைகளை மட்டும் பேசினான்.

மற்றப் பறவைகளுக்கு வீடு சரியில்லை என்றால் பறந்து போய்விடலாம். இருவாச்சிக்கு அந்த வசதி கிடையாது. முட்டையிடும் காலத்தில் தாய் உள்ளே போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிஞ்சும். அதன் வழியாகக் கணவன் பழம் கொண்டுவந்து கொடுப்பான். உள்ளே போனதும் அவளுடைய இறகுகள் உதிர்ந்துவிடும். மூன்று மாதம் பறக்க முடியாது. கூரை ஒழுகினாலும் சுவர் பிளந்தாலும் அவளும் பிள்ளையும் அதற்குள்தான் கிடக்க வேண்டும். இருவாச்சியின் அலகால் மரம் குடைய முடியாது, பழுது பார்க்க ஆள்தான் வைக்க வேண்டும்; அந்த ஆள் ஏமாற்றிவிட்டால் இரண்டு உயிர் போகும். அதனால் ஆளைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுப்பேன் என்று சொர்ணம் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இருவாச்சி வீட்டில் வேலை என்ற செய்தி காடெல்லாம் பரவியது. முதல் ஆளாக வந்து இறங்கினான் சிங்காரம் என்ற மரங்கொத்தி. முதுகு முழுக்கப் பொன்னிறம். தலையில் சிவப்புக் கொண்டை. மரத்தை இரண்டு தட்டுத் தட்டினான், ஐந்தே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னான். கருப்பையா சொகுசாக உட்கார்ந்து பழம் ஊட்ட வாசலுக்குக் கீழே ஒரு படியும் வைத்துத் தருகிறேன் என்றான். கருப்பையாவுக்கு வாயெல்லாம் பல் இருந்திருந்தால் அத்தனையும் தெரிந்திருக்கும்.

பிறகு தான் செய்த நாலு பொந்துகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நாலும் பளபள என்று இருந்தன. குடியிருந்தவர்கள் அவனை வாயாரப் புகழ்ந்தார்கள். இவனையே பேசி முடித்துவிடலாம் என்று கருப்பையா காதில் கிசுகிசுத்தான். சொர்ணம் ஒவ்வொரு வாசலையும் முகர்ந்து பார்த்தாள். வெட்டிய மரத்தின் பச்சை வாசம் இன்னும் போகவில்லை. ஒன்றுகூட ஒரு மழையைப் பார்த்ததில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்றாள். "நீ செஞ்சு கெட்டுப்போன பொந்து ஒண்ணைக் காட்டு, பாப்போம்."

சிங்காரம் சிரித்துவிட்டான். "என்ற வேலை கெடறதாவது! இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகுனதில்லைங்க."

ரொம்பச் சந்தோஷம், யோசித்துச் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தாள்.

அடுத்து வந்தவன் வாலழகன் என்ற மலை அணில். கொறித்தே வேலையை முடிப்பவன். அவனிடமும் சொர்ணம் அதையேதான் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. கெட்டுப்போன பொந்துகளின் கதையை வரிசையாகச் சொன்னான். ஒன்று மரம் சரியில்லாததால் பிளந்ததாம். ஒன்றைக் குடியிருந்த கிளியே கடித்துக் கெடுத்ததாம். இன்னொன்று காற்றால் போனதாம். மரம், கிளி, காற்று எல்லோரும் தப்புச் செய்திருந்தார்கள், வாலழகன் ஒருவனைத் தவிர. நாலாவது கதையில் சொர்ணத்துக்குக் கொட்டாவி வந்தது.

மூன்றாவது ஆள் சொன்ன நாளுக்கு மறுநாள்தான் வந்தான். பச்சையப்பன் என்ற குக்குறுவான், மரத்தைக் கொத்திப் பொந்து குடையும் பறவை. ஒரு மாங்காய் அளவுதான் இருப்பான். கையில் இருந்த வேலையைப் பாதியில் விட முடியவில்லை என்று சொல்லிவிட்டு, மரத்தைத் தட்டித் தட்டிச் சுற்றி வந்தான். இவன் என்னத்தைக் கிழிக்கப் போகிறான் என்று கருப்பையா வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சொர்ணம் தன் கேள்வியைக் கேட்டாள். பச்சையப்பன் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"ரெண்டு இருக்குதுங்க அம்மணி," என்றான். "ஒண்ணு பக்கத்துலதான். வந்து பாக்கறீங்களா?"

அது கோமளம் என்ற ஆந்தையின் பொந்து. நடுப்பகலில் எழுப்பியதால் அவள் ஒற்றைக் கண்ணைத்தான் திறந்தாள். பச்சையப்பனைக் கண்டதும் இரண்டாவது கண்ணும் திறந்துகொண்டது. இவன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு வந்த முதல் மழையிலேயே வீடு ஒழுகியதையும், பிள்ளைகள் நனைந்து நடுங்கியதையும் மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். பச்சையப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினான். போதும் வா என்று கருப்பையா சொர்ணத்தை இடித்தான். அவள் நகரவில்லை.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஆந்தையைக் கேட்டாள்.

"என்ன ஆச்சா? மழையோட மழையா வந்து பாத்தான். சரியாகலை. மறுபடி வந்தான். மூணாந்தரம்தான் நின்னுச்சு. இப்ப என்னடான்னா, ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாடியும் கூப்பிடாமயே வந்து தட்டிப் பாக்கறான். அதுவும் பட்டப்பகல்ல. ஒரு ஜீவன் தூங்க வேண்டாமா? தயவுசெஞ்சு இவனைக் கூட்டிட்டுப் போங்க!"

திரும்பும் வழியில் கருப்பையா பொரிந்து தள்ளினான். ஒழுகவிட்டவனையா வேலைக்கு வைப்பார்கள், நாலு பேர் சிரிக்கமாட்டார்களா என்றான்.

"சிரிக்கறவங்க வெளியில இருந்து சிரிப்பாங்க," என்றாள் சொர்ணம். "உள்ள அடைஞ்சு கிடக்கப் போறது நானுங்க. இவன்தான் எனக்கு வேணும்."

பச்சையப்பன் பதினோரு நாள் எடுத்துக்கொண்டான். வாசலை அகலமாக்கினான், உளுப்பைச் சுரண்டினான், காய்ந்த மரத்தூளைக் கொட்டித் தரையை மேடாக்கினான். கருப்பையா ஆசைப்பட்ட படியை மட்டும் வைக்க மறுத்துவிட்டான். அதில் மரநாய் ஏறி உட்காரும் என்றான். சொர்ணம் திருப்தியோடு உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டாள்.

சித்திரையில் கோடை மழை பிடித்தது. குஞ்சு பொரிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, கண்கூடத் திறக்கவில்லை. காற்றில் மேல்கிளை ஒன்று படார் என்று முறிந்தது. முறிந்த இடத்துக்குக் கீழே ஒரு பழைய கணு இருந்தது. அது பிளந்து, தண்ணீர் பின்சுவர் வழியாக உள்ளே இறங்கியது. தூளெல்லாம் ஊறி, தரையில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

சொர்ணம் குஞ்சை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டாள். வாசலை உடைத்தால் சாரலும் உள்ளே வரும், பறக்கவும் இறகில்லை. தண்ணீர் குஞ்சின் வயிற்றைத் தொட்டது. அத்தனை துணிச்சல்காரிக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது. கீறலில் அலகை வைத்துக் கத்தினாள்.

"பச்சையப்பனைக் கூப்பிடுங்க!"

கருப்பையா பறந்தான். மழை கொஞ்சமும் குறையவில்லை. இந்த மழையில் அந்த மாங்காய் எங்கே வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் போனான். ஆனால் திரும்பும்போது பச்சையப்பன் அவனுக்கு முன்னால் பறந்துகொண்டிருந்தான்.

வந்தவன் எந்தப் பக்கம் தண்ணீர் வருகிறது என்று மட்டும் கேட்டான். தரைமட்டத்தைக் கணக்குப் பார்த்து வெளியிலிருந்து கொத்த ஆரம்பித்தான். காற்று ஒருமுறை அவனை மரத்திலிருந்து பிய்த்து எறிந்தது. திரும்பி வந்து விட்ட இடத்திலேயே கொத்தினான். கடைசியில் துளை விழுந்து உள்ளே நின்ற தண்ணீர் கொடகொட என்று வெளியே கொட்டியது. பிறகு மேலே ஏறி, மரத்தில் வடிந்திருந்த குங்கிலியப் பிசினையும் நாரையும் சேர்த்துக் கணுவை அடைத்தான். தண்ணீர் நின்றது.

நனைந்த கோலத்தில் கீறலுக்கு எதிரே வந்து தொற்றிக்கொண்டான்.

"அந்தக் கணுவை நான் தட்டிப் பாக்காம உட்டுட்டனுங்க அம்மணி. என்ற தப்புத்தான்."

கருப்பையா அவனைத் திட்டுவதற்கு வழியெல்லாம் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தான். இதைக் கேட்டதும் அத்தனையையும் விழுங்கிவிட்டான்.

"தப்புத்தான்," என்றாள் சொர்ணம் உள்ளேயிருந்து. "குஞ்சு போயிருக்கும், தெரியுமா? மேல இருக்கற அத்தனை கணுவையும் ஒண்ணு விடாமத் தட்டிப் பாத்துட்டுத்தான் நீ போகணும். மொதல்ல இந்தப் பழத்தைத் தின்னு."

தனக்கென்று வந்த அத்திப்பழத்தைக் கீறல் வழியாக அவனுக்கு நீட்டினாள். அவன் தின்றுவிட்டு மேலே ஏறினான். இருட்டும்வரை மரத்தின் உச்சியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டபடியே குஞ்சும் தாயும் நிம்மதியாகத் தூங்கிப்போனார்கள்.

என் வேலையில் குறையே வராது என்று சொல்பவனைவிட, வந்த குறையை ஒளிக்காமல் காட்டி, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து சரிசெய்பவனை நம்பியே வீட்டை ஒப்படைக்க வேண்டும்.