எண்பத்தெட்டா, அறுபத்தொண்ணா?

அருமைநாயகம் அதே கேள்வியை மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“டீச்சர், வீட்டுல வாசிச்சுப் பழக டிஜிட்டல் பியானோ வாங்கட்டா, சின்தசைசர் வாங்கட்டா?”

ஜெனிட்டா டீச்சர் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார். “மொதல்ல அந்த நாலாவது வரியை வாசிங்க, அண்ணாச்சி.”

இதுதான் அங்கே வழக்கம். அவர் கேள்வி கேட்பார், இவர் வேலை சொல்வார்.

அருமைநாயகத்துக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருஷம் அரசுப் பஸ் ஓட்டிவிட்டு விருப்ப ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு இருபத்தொன்பது. பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் பியானோ வாசிப்பவர். சிஷ்யன் வயசில் பாதிதான் குருவுக்கு! ஆனாலும் பாடம் நடக்கும் கோயில் ஹாலுக்குள் நுழையும்போது மனுஷன் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டுதான் நுழைவார். வேலையில் இருந்தபோது டெப்போவில் அவர் குரல் கேட்டாலே கண்டக்டர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்கள். இங்கே வந்தால் பெட்டிப் பாம்பு.

பொழுது போகத்தான் ஒரு வருஷம் முன்னால் படிக்க வந்தார். அதை வைத்தே இப்போது அவரை மாட்டிவிட்டவள் மகள் பெர்சிஸ். மே மாதம் அவளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளையும் பெண்ணும் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது கோயிலில் ஒரு பாட்டு வாசிப்பார்கள்.

“அந்தப் பாட்ட அப்பாதான் வாசிக்கணும். சாட்சிக் கையெழுத்த மாமா போடட்டும்” என்று பெர்சிஸ் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் காலண்டரைப் பார்க்காத நாள் இல்லை. மே மாதத்துக்கு இன்னும் நாலு மாதம்தான்.

நாலாவது வரியை ஒரு வழியாக முடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடையில் கொடுத்த இரண்டு தாள்களை எடுத்து டீச்சர் முன்னால் விரித்தார்.

“இது டிஜிட்டல் பியானோ. எண்பத்தெட்டு கட்டை. நம்ம கோயில் பியானோ மாதிரியே ஒவ்வொண்ணும் கனம். மெல்ல அமுக்குனா மெல்லக் கேக்கும், ஓங்கி அமுக்குனா ஓங்கிக் கேக்கும். ஆனா ஒரு கட்டில் நீளம் இருக்கு டீச்சர். ‘அதப் போட்டா நான் எங்க படுக்க’ன்னு எம் பொண்டாட்டி லீதியாள் கேக்கா.”

“சரி.”

“இது சின்தசைசர். அறுபத்தொரு கட்டை. கக்கத்துல இடுக்கிட்டுப் போயிரலாம். புல்லாங்குழல், வயலின், நாதஸ்வரம்னு அறுநூறு சத்தம் வருது. தாளத்தையும் அதுவே போட்டுக்கிடும். பவர் ஸ்டியரிங் வண்டி மாதிரி, தொட்டாப் போதும்.”

“சரி.”

“ரெண்டுக்கும் சரின்னா எப்படி டீச்சர்?”

டீச்சர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பழைய பெட்ஷீட்டில் சுற்றி வைத்திருந்த ஒரு சின்தசைசரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாடகர் குழுவோடது. பழசுதான், எப்படி அமுக்குனாலும் ஒரே அளவு சத்தம்தான். ஒரு வாரம் வச்சுப் பழகுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கோயில் பியானோல அந்தப் பாட்ட வாசிச்சுக் காட்டுங்க. பெர்சிஸையும் கூட்டிட்டு வாங்க.”

அடடா, அந்த வாரம் இருக்கிறதே! அருமைநாயகத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. திங்கட்கிழமை வயலினில் வாசித்தார். செவ்வாய்க்கிழமை புல்லாங்குழலில் வாசித்தார். புதன்கிழமை தாளத்தையும் சேர்த்துத் தட்டிவிட்டதும், “அண்ணே, வீட்டுல கச்சேரியா?” என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. லீதியாள் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்று கேட்டாள்.

பெர்சிஸ் போனில் பிளவுஸ் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்லா இருக்குப்பா” என்றாள். தலையைத் தூக்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. கல்யாணப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு பட்டனைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று ராத்திரி பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை முடிந்து சபையார் கலைந்துபோனார்கள். பெர்சிஸ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தையல்காரருக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். அருமைநாயகம் பியானோ முன்னால் உட்கார்ந்து கையை வைத்தார்.

நாலு கட்டையைத் தொட்டதில் இரண்டுதான் கேட்டது. சின்தசைசரில் பழகினபடி, சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி தொட்டால் பியானோவில் என்ன கேட்கும்? பதறிப்போய் ஓங்கி அமுக்கினார். கோயிலே அதிர்ந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கமும் அப்படியே வெளியே கேட்டது. இடது கை பழக்கதோஷத்தில் தாளப் பட்டனைத் தேடிப் போனது. அங்கே வெறும் மரம்தான் இருந்தது. மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டார், பின்னால் வந்தார், மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டார். மலைப்பாதை வளைவில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்த மனுஷனுக்கு ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. விடாமல் தட்டித் தடவி எப்படியோ முடித்தார்.

முடித்துவிட்டுத் திரும்பினால், பெர்சிஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாள் என்றே அவருக்குத் தெரியாது. அவள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, அவள் எடுக்கவில்லை.

“அப்பா” என்றாள். அவர் தோளில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். தையல்காரர் விடாமல் கூப்பிடவும், கண்ணைத் துடைத்துக்கொண்டே பேச வெளியே போனாள்.

அருமைநாயகத்துக்கு அவமானத்தில் காது சுட்டது.

“அவளையே அழ வச்சுட்டேன், பாத்தீங்களா டீச்சர்! வீட்டுல எப்படி வாசிச்சேன் தெரியுமா? இந்தப் பியானோ நம்மளக் காட்டிக் கொடுத்துருது. கை நடுங்குனா அதையும்லா ஊருக்கே சொல்லுது!”

“ஆமா.”

“அந்தச் சின்தசைசர்ல நடுங்குறது தெரியவே தெரியாது.”

“ஆமா.”

அவர் வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அதுல ஒரு பட்டன் இருக்கு. ஒருக்கா நல்லா வாசிச்சுட்டா அப்படியே பதிவு பண்ணி வச்சுக்கிடும். கல்யாணத்தன்னைக்கு அதக் கோயிலுக்குத் தூக்கிட்டு வந்து, அந்தப் பட்டன அமுக்கிட்டுச் சும்மா விரல ஆட்டுனாப் போதும். ஒரு பயலுக்கும் தெரியாது.”

சொல்லி முடித்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தார். டீச்சர் திட்டவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பெர்சிஸ் எதுக்கு உங்கள வாசிக்கச் சொன்னா, அண்ணாச்சி?”

அருமைநாயகம் தன் கையைப் பார்த்தார்.

“நான் எதுக்குமே வீட்டுல இருந்ததில்ல டீச்சர். சென்னை வண்டி எனக்கு. கிறிஸ்துமஸ் வந்தா ஸ்பெஷல் பஸ், ஈஸ்டர் வந்தா ஸ்பெஷல் பஸ். அவ பள்ளிக்கூடத்துல மேடை ஏறி ப்ரைஸ் வாங்குனப்போ நான் விழுப்புரத்துல நிக்கேன்.”

“பொறந்த நாளைக்கு?”

“அன்னைக்கும் வண்டிதான். ஆனா ஒரு வருஷம்கூட கேக்கு போகாம இருந்ததில்ல டீச்சர்! திருநெல்வேலிக்கு வார வண்டியில கண்டக்டர் யார் கையிலயாவது கொடுத்தனுப்பிருவேன். சாயங்காலத்துக்குள்ள வீடு சேந்துரும்.”

“ஒழுங்காச் சேந்துச்சா?”

“ஒருக்காகூடத் தப்புனதில்ல.”

“நல்ல கேக்கா?”

“இருக்கதுலயே நல்ல கடையில வாங்குவேன். கொஞ்சம்கூட நசுங்காமப் போகும்.”

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் தானாக இறங்கிவிட்டது.

“அது போதும்னா அவ இதக் கேட்டிருக்க மாட்டாளே, அண்ணாச்சி.”

வெளியே பெர்சிஸ் தையல்காரரிடம் கை அளவு சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது. அருமைநாயகம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அன்னைக்கும் கை நடுங்குனா, டீச்சர்?”

டீச்சர் அவருடைய சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைத் தாள்கள் இரண்டையும் எடுத்து அவர் கையிலேயே வைத்தார்.

“நடுங்கத்தான் செய்யும் அண்ணாச்சி. அது எதுல கேக்குமோ, அத வாங்குங்க.”