அரண்மனைக்கு வந்த சண்டை

முன்னொரு காலத்தில், கோடையிலும் ஆறு கணுக்கால் நனையும் அளவுக்காவது ஓடிக்கொண்டிருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். அவருடைய நாட்டுக்குப் பெயர் இருந்திருக்கும். கதை சொன்னவர்கள் அதை வழியில் எங்கேயோ தவறவிட்டுவிட்டார்கள்.

ராஜாவுக்கு அறுபது வயது. ராணி இறந்து மூன்று வருடம். அன்று முதல் அவருக்குப் பழசைத் தவிர எதுவும் பிடிக்கவில்லை. தம் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரக்காரரை மாதம் ஒருமுறை வரவழைத்து, அன்று வாசித்ததையே வாசிக்கச் சொல்வார். அந்த மனிதருக்கு இப்போது பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிடும். மீதியை ராஜா மனதுக்குள் வாசித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம் போய் நியாயாதிபதி அகோரநாதர் ஒருநாள் சலித்துக்கொண்டார்.

"மகாராஜா, பிரிய வேண்டும் என்று வருகிற தம்பதிகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. குடியிருக்கும் வீடு யாருக்கு என்கிறார்கள். பிறந்த வீட்டுச் சீர் யாருக்கு என்கிறார்கள். பிள்ளை யாரோடு வளரும், பிரிந்த பிறகு சோற்றுக்கு யார் பொறுப்பு, ஒருவர் மட்டும் கேட்டால் போதுமா, எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்... ஒரு கேள்வி முடிந்தால் இன்னொரு கேள்வி."

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் தகப்பனார் காலத்தில் யார் பிரிந்தார்கள்?"

"ஒருவரும் இல்லை, மகாராஜா."

அது பொய். பழைய ஓலைகளில் பாதி அந்த வழக்குகள்தான். ஆனால் ராஜாவுக்குப் பிடித்த பொய்.

"அப்படியானால் எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே சட்டம். பிரிகிறவர்கள் கல்யாணத்தன்று வாங்கியதை வாங்கியபடியே திருப்பித் தர வேண்டும். அப்போதுதான் விடுதலை."

அகோரநாதர் எழுதிக்கொண்டார். எழுதும்போதே ஒரு வரியைச் சேர்த்துப் படித்துக் காட்டினார். "கல்யாணத்தன்று இல்லாமல் பிறகு வந்து சேர்ந்தவை இருவருக்கும் இல்லை. அவை அரண்மனைக்கு."

இனி யாரும் பிரிய மாட்டார்கள் என்ற நிம்மதியில் ராஜா முத்திரை வைத்தார். அவை முழுவதும் தலையாட்டியது. விகடகவி வேம்பையன் மட்டும் வாயைத் திறந்தான்.

"பிறகு வந்து சேர்ந்தது என்றால், பிள்ளையுமா?"

"எழுத்து சொல்வதுதான் சட்டம்," என்றார் அகோரநாதர். அவருக்கு வேம்பையனைக் கண்டால் ஆகாது. அவர் ஆறு ஓலைத் தீர்ப்பு வாசித்தால் ராஜா கண் அயர்வார். இவன் ஒரு வார்த்தை சொன்னால் நிமிர்ந்து உட்கார்வார்.

அந்தச் சட்டத்தில் முதலில் போய் மாட்டிக்கொண்டவர்கள் செக்கடித் தெருவில் எண்ணெய் ஆட்டும் சடையனும் அவன் மனைவி ஆவுடையும். இருவருக்கும் பிரியச் சம்மதம். இருவரும் ஒத்துக்கொண்டால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் என்ற பழைய வழக்கத்தை நம்பி, ஊறப்போட்ட அரிசி புளிப்பதற்குள் வந்துவிடலாம் என்று போய் மனுக் கொடுத்துவிட்டார்கள். புதுச் சட்டம் அவர்கள் காதுக்கு எட்டவே இல்லை. கொடுத்த மனுவைத் திரும்ப வாங்க முடியாது என்றார் அகோரநாதர். மூன்றாம் நாள் அவர்களுடைய ஏழு வயது மகள் தாயம்மையை அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும்.

ஆவுடை நேராக வேம்பையன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, காளை போகட்டும், பாத்திரம் பண்டம் போகட்டும். எம்புள்ளைய எதுக்கு சாமி குடுக்கணும்? அது என்ன செய்யும் அரமனையில?"

"உன் வீட்டுக்காரன் என்ன சொல்கிறான்?"

"அழுவுறாரு. பதினோரு வருசத்துல அந்த மனுசன் அழுது நான் பாத்ததில்ல. பாக்க சகிக்கல."

வேம்பையன் அவர்களை நன்றாக அறிவான். அவன் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஒரு செக்கு இருந்தது. ஆனாலும் எட்டுத் தெரு தாண்டி இவர்களிடம்தான் எண்ணெய் வாங்குவான். எண்ணெய்க்காக அல்ல. காளை சுற்றிக்கொண்டிருக்கும், எள் நசுங்கும், ஆவுடையும் சடையனும் ஒருவர் பேச்சுக்கு ஒருவர் எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டிருப்பார்கள். வேம்பையன் தூக்குப் பாத்திரத்தோடு நின்று கேட்டுக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் வீட்டிலும் அப்படித்தான் சத்தம் கேட்டது. அவன் மனைவி அலமேலம்மை கோபம் வந்தால் வெங்கலப் பானையோடு பேசுவாள். "அரண்மனைக்குச் சிரிப்பு, வீட்டுக்கு வெறும் மூஞ்சி. கேட்டியா பானையே?" என்பாள். ஒருநாள் இருவரும் பேசி முடிவு செய்து பழைய நீதி மண்டபத்துக்குப் போனார்கள். அரை நாளில் முடிந்தது. திரும்பும்போது ஆளுக்கொரு நுங்கு வாங்கித் தின்றார்கள். அவள் தங்கையின் ஊருக்குப் போனாள். இப்போதும் திருவிழாவில் கண்டால், "மெலிஞ்சிட்டியே," என்று கேட்பாள்.

பிரிவதிலும் ஒரு மரியாதை இருந்த காலம் அது என்று வேம்பையனுக்குத் தோன்றியது.

மறுநாள் அவையில் அவன் பேச்செடுப்பதற்குள் அகோரநாதர் முந்திக்கொண்டார். "மகாராஜா, வேம்பையனுக்குச் சட்டத்தின் மேல் சந்தேகம். அவனே இந்தத் தம்பதியைப் பிரித்து வைக்கட்டும். ஓர் எழுத்தும் மீறக் கூடாது. மீறினால் அவையை விட்டுப் போகட்டும். அரண்மனைக்குச் சேர வேண்டியதை நானே கையில் வாங்கி, வாங்கியபடியே காப்பேன். அது என் பொறுப்பு."

"சம்மதமா, வேம்பையா?" என்றார் ராஜா.

"சம்மதம் மகாராஜா. நியாயாதிபதி சொன்ன கடைசி வார்த்தையையும் ஓலையில் எழுதிவிட்டால் போதும்."

எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் அவை கூடியது. சடையன் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். ஆவுடை மகளின் கையை விடவில்லை. வேம்பையன் முதலில் காளையைக் கொண்டுவரச் சொன்னான். அது ஆவுடையின் பிறந்த வீட்டுச் சீர். ஒன்பது வருடம் செக்குச் சுற்றிய காளை. மண்டபத்தின் நடுவில் சிம்மாசனத்தைக் கண்டதும் அதைச் செக்கு என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. ராஜாவும் கூடவே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீராக வந்தது கன்று," என்றார் அகோரநாதர். "இது காளை. வாங்கியபடி இல்லை."

"உண்மைதான் ஐயா," என்றான் வேம்பையன். "அன்று வந்த கன்று ஆவுடைக்கு. பிறகு வளர்ந்தது அரண்மனைக்கு. கன்றை அவளிடம் விட்டுவிட்டு, வளர்ந்ததை மட்டும் நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள்."

அகோரநாதர் கயிற்றைப் பிடித்தார். காளை அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றியது. ராஜாவின் மீசை லேசாக அசைந்தது.

"காளை... அவளிடமே இருக்கட்டும்," என்றார் நியாயாதிபதி, மூச்சு வாங்க. "அடுத்தது பிள்ளை."

"அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது. இவர்கள் கல்யாணத்தன்று இல்லாதது, பிறகு வந்து சேர்ந்தது, பிள்ளையைவிட மூத்தது. இவர்களுடைய சண்டை. சட்டப்படி அது அரண்மனைச் சொத்து. இவ்வளவு நாள் இவர்கள் வைத்துக்கொண்டிருந்ததே தப்பு. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா."

ஆவுடை புரிந்துகொள்ளச் சிறிது நேரம் ஆனது. புரிந்த பிறகு நிற்கவில்லை.

"மொதல் ஆடியில எங்கண்ணன் வந்தப்ப வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னாரா இந்த மனுசன்? கேளுங்க சாமி!"

"நான் செக்குல இருந்தேன். பாதியில எறங்குனா போட்ட எள்ளு ஈடே கெட்டுப்போவும்னு ஒனக்குத் தெரியாது?"

"வாயில என்ன, எள்ளுப் புண்ணாக்கா இருந்துச்சு?"

"ஒங்கண்ணன் மட்டும்? ரெண்டு படி எண்ணெய ஊத்திக்கிட்டுப் போனாரே, பாத்திரத்த இன்னிக்கு வரைக்கும் திருப்பிக் குடுத்தாரா?"

"பாத்திரம் எங்காத்தா குடுத்த பாத்திரம்யா!"

"ராத்திரி இவ பேசுற பேச்சுக்கு நான் கொறட்ட விட்டாத்தான் தப்பிக்க முடியும் சாமி. வேணும்னுதான் விடுறது."

"அப்ப பதினோரு வருசமா முழிச்சிக்கிட்டா இருந்த?"

அவையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மாமியார் ஒளித்து வைத்த வெல்லம் வந்தது. மழையில் நனைந்த எள் மூட்டை வந்தது. தாயம்மைக்கு அம்மை போட்டபோது யார் தூங்கியது என்பதும் வந்தது. அப்போது மட்டும் இருவர் குரலும் தணிந்தது. உச்சிவேளை ஆகியும் முடியவில்லை. அகோரநாதர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"போதும்!"

"பாதியை மட்டும் வாங்கிக்கொண்டால் மீதி அவர்களிடமே தங்கிவிடுமே," என்றான் வேம்பையன். "சட்டம் என்னாவது?"

கடைசியில் சண்டை தானாகத் தீர்ந்தது. சடையன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அதையே ஆவுடையிடம் நீட்டினான். அவளும் துடைத்துக்கொண்டாள்.

அகோரநாதர் இதைப் பார்த்துவிட்டார். "மகாராஜா, சண்டை போய்விட்டது. இனி எதற்குப் பிரிவு? வேம்பையன் தோற்றான்!"

ராஜா ஆசையோடு முன்னால் சாய்ந்தார். "ஆமாம் அம்மா. இனி சேர்ந்து இருக்கலாமே?"

ஆவுடை தரையைப் பார்த்தாள். "அவரு நல்ல மனுசன்தான் மகாராசா. வெளியில யாரு கேட்டாலும் சொல்லுவேன். ஆனா என்னால அவரோட இருக்க முடியல."

"எனக்கும் அப்படித்தான் சாமி," என்றான் சடையன். "சண்ட ஒண்ணுதான் எங்களுக்குள்ள பேச்சா இருந்துச்சு. அதயும் இப்ப குடுத்தாச்சு."

வேம்பையன் மெதுவாகக் கேட்டான். "சரி. செக்கு யாருக்கு?"

"அவருக்குத்தான். அவரு அப்பன் வச்ச செக்கு. எங்கண்ணன் ஊருல ஒரு செக்கு சும்மா கெடக்கு, காளையோட நான் அத ஓட்டிக்கிடுவேன்."

"அது ஓடத் தொடங்குற வரைக்கும் சாப்பாட்டுக்கு நான் குடுத்தனுப்புறேன்," என்றான் சடையன். "புள்ள அவகிட்ட இருக்கட்டும். அமாவாசையில செக்கு ஓட்ட மாட்டோம். அன்னிக்கு நான் போயிப் பாத்துக்கிறேன்."

"அமாவாசைக்கு மட்டும் எதுக்கு? நெனச்சப்ப வாய்யா."

நியாயாதிபதியின் எல்லாக் கேள்விக்கும் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அகோரநாதருக்கு அது பொறுக்கவில்லை. "பிள்ளையைப் பற்றி முடிவு செய்ய இவர்கள் யார்? பிள்ளை அரண்மனைச் சொத்து!"

ஆவுடையின் கை மகளை இறுக்கியது.

"மறுக்கவில்லை ஐயா," என்றான் வேம்பையன். தாயம்மையின் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "நன்றாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உயரம் என் இடுப்பு வரை. முழங்காலில் ஆறிக்கொண்டிருக்கும் ஒரு காயம். முன்பல் இரண்டு இல்லை. வாங்கியபடியே காப்பேன் என்று நீங்கள் சொன்னது ஓலையில் இருக்கிறது. இதே உயரம், இதே காயம், இதே பொக்கை வாய். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் இப்படியே இருக்க வேண்டும். மாறினால் சட்டத்தை மீறியவர் நீங்கள்."

"பல்லு மொளைக்குதே," என்றாள் தாயம்மை.

"என்னது?" என்றார் அகோரநாதர்.

"நேத்தே வந்திருச்சு. தொட்டுப் பாக்குறீங்களா? வெள்ளையா குத்தும்." வாயை அகலத் திறந்து அவர் பக்கம் திரும்பினாள்.

நியாயாதிபதி குனிந்தார். எட்டிப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார்.

முதலில் சிம்மாசனத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு ராஜா சிரித்தார். மூன்று வருடமாக அடைத்துக் கிடந்த சிரிப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. "அகோரநாதரே! அந்தப் பல்லை உள்ளே போகச் சொல்லி ஓர் ஓலை எழுதுமே!"

சிரித்து முடித்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகும் ஈரம் இருந்தது. "வாங்கியபடியே எதையும் வைத்துக்கொள்ள முடியாதா, வேம்பையா?"

"முடியாது மகாராஜா. நாதஸ்வரக்காரராலேயே முடியவில்லை."

ராஜா சட்ட ஓலையை வாங்கித் தம் கையாலேயே கிழித்தார். பழைய வழக்கமே இருக்கட்டும் என்றார். ஆவுடை விழுந்து கும்பிட்டாள். தாயம்மையைக் காளையின் மேல் ஏற்றிவிட்டு, அவள் ஒரு பக்கமும் சடையன் ஒரு பக்கமுமாக வாசல் வரை நடந்தார்கள். எந்தத் திருப்பத்தில் யார் எந்தப் பக்கம் போவது என்று பேசிக்கொண்டே போனார்கள். குரல் உயரவில்லை.

"உனக்கு என்ன வேண்டும் சொல்," என்றார் ராஜா. "பட்டாடையா, கிராமமா, பல்லக்கா?"

வேம்பையன் கொஞ்சம் தயங்கினான்.

"அந்தச் சண்டை இப்போது அரண்மனைச் சொத்துதானே, மகாராஜா? அதை எனக்குக் கொடுங்கள்."

"சண்டையா? எதற்கு?"

"என் வீட்டுக்காரி போகும்போது எங்கள் சண்டையையும் கொண்டுபோய்விட்டாள். பன்னிரண்டு வருடமாக வீட்டில் ஒரு சத்தம் இல்லை."

ராஜா மறுபடியும் சிரித்தார். இந்த முறை சத்தமில்லாத சிரிப்பு. தம் முத்து மாலையைக் கழற்றி வேம்பையன் கழுத்தில் போட்டார். தோளில் கைவைத்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பாதி எடுத்துக்கொள். பாதி எனக்கு வேண்டும்."